பதினாறு பவுண்டு காற்று

காலையில் வண்டியை எடுக்கும் முன் நாலு டயரிலும் காற்றுப் பார்ப்பது பல் துலக்குகிற மாதிரி. செய்யாவிட்டால் அன்று முழுக்க ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கும். பதினாலு வருஷத்தில் ஒருநாள்கூட நான் காற்றுப் பார்க்காமல் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. நூற்று மூன்று டிகிரி காய்ச்சலிலும் போர்வையைச் சுற்றிக்கொண்டு போய்க் குத்தவைத்துப் பார்த்தவன் நான்.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. போடிமெட்டு ரோட்டில் மூன்று பேர் செத்து ஒருவர் பிழைத்தாரே, அந்த விபத்தின் ரிப்போர்ட்டில் என் பெயர் ஒரே ஓர் இடத்தில் வருகிறது. ‘வண்டியைத் தயார் செய்து கொடுத்த பழைய டிரைவர் வீரணன், டயர்களில் காற்றைச் சோதிக்காமல் அஜாக்கிரதையாக விட்டிருக்கிறார்.’ ஏட்டு ஒருவர் டீக்கடையில் வைத்து எனக்குப் படித்துக் காட்டினார். “பயப்படாத வீரணா, கேசு முடிஞ்சிருச்சு. இம்புட்டோட விட்டுட்டாக,” என்று தோளில் தட்டினார். கேஸ் முடிந்ததும் முடியாததும் எனக்கு ஒன்றுதான். அஜாக்கிரதை என்ற அந்த ஒரு சொல் மீன்முள் மாதிரி தொண்டையில் நிற்கிறது. சோறு இறங்கவில்லை. அதை எடுக்கத்தான் இதை எழுதுகிறேன். இன்ஸ்பெக்டர் அய்யா கடைசிவரை படிக்க வேண்டும்.

எனக்குச் சொந்த ஊர் மயிலாடும்பாறை. மானம் பார்த்த பூமியில் அப்பனோடு மாரடித்துவிட்டு, லாரியில் கிளீனராக ஏறி, டிரைவராக இறங்கினேன். அறுபத்தைந்தாம் வருஷம் போடி பஜாரில் ஏலக்காய் வியாபாரம் செய்த ராஜமணி முதலாளி புது பியட் கார் வாங்கினார். என்னை அதற்கு டிரைவராக வைத்துக்கொண்டார். வேதக்கார வீடு. முதலாளி வாய்தான் பெரிது, மனசு கெட்டதில்லை. அவர் மனைவி ஞானபாக்கியம் அம்மா, நான் சாப்பிட்டேனா என்று கேட்காமல் தான் சாப்பிட மாட்டார். மகன் பொன்னுராஜுக்கு அப்போது எட்டு வயது. பிறகு பல வருஷம் கழித்துப் பெண் குழந்தை ஒன்று, ஞானசெல்வி. அவளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்ததே நான்தான். போடியிலிருந்த குண்டு குழி அத்தனைக்கும் ஒதுங்கி, பத்து மைல் வேகத்தில் ஓட்டினேன்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் சரி, மதராஸுக்குப் போனாலும் சரி, எல்லாரும் வண்டியில் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடி ஜெபம் செய்த பிறகுதான் வண்டி நகர வேண்டும். ஜெபம் முடியும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. ஈ கடித்தாலும் அசையக் கூடாது. நான் வேறு சாமி கும்பிடுகிறவன் என்றாலும் தலையைக் குனிந்துகொள்வேன். கண்ணை மட்டும் மூட மாட்டேன். முதலாளி “கர்த்தாவே” என்று ஆரம்பிக்கும்போது நான் சாவியைப் பாதி திருப்பி வைப்பேன். எனக்கு வேலை அந்த நேரத்தில்தான்.

சாவியைத் திருப்பியதும் டாஷ்போர்டில் சின்னச் சின்னதாக இரண்டு சிவப்பு விளக்கு எரியும். ஒன்று பேட்டரிக்கு, ஒன்று ஆயிலுக்கு. இன்ஜின் எழுந்ததும் இரண்டும் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. இது பல பேருக்குத் தெரியும். சாவியைத் திருப்பும்போது எரியாவிட்டாலும் கோளாறுதான் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. அப்போது எரியாத விளக்கு ஆபத்து வரும்போதும் எரியாது. ஆகவே ஒவ்வொரு நாளும் அவர்கள் கண்ணை மூடியிருந்த அந்த ஒரு நிமிஷம் நான் அந்த இரண்டு விளக்கையும் பார்த்துக்கொண்டிருப்பேன். அதுவும் ஜெபம் மாதிரிதான். ஞானசெல்வி பாப்பா மட்டும் ஒரு கண்ணைத் திறந்து கண்ணாடி வழியாக என்னைப் பார்ப்பாள். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் இறுக்கி மூடிக்கொள்வாள்.

இப்போது காற்றுக்கு வருகிறேன். அந்த வண்டிக்கு முன் டயரில் இருபத்துநாலு பவுண்டு, பின் டயரில் இருபத்தாறு. ஆளும் மூட்டையும் ஏறினால் பின்னால் இன்னும் இரண்டு. ராத்திரி முழுக்க ஆறி நின்ற டயரில், வெயில் விழும் முன் பார்க்க வேண்டும். இதற்காக மதுரையில் காற்றை அளக்கிற பித்தளைக் கேஜ் ஒன்று வாங்கி, பேனா மாதிரி சட்டைப்பையில் குத்தி வைத்திருப்பேன். முதலாளிக்கு இதில் ஒரு பிடிவாதம் இருந்தது. ஏலத்தோட்டத்து ஜீப்காரர்கள் மழைக்காலத்தில் சேற்றில் ஏறும்போது டயர் காற்றைப் பாதியாகக் குறைத்துக்கொள்வார்கள். சேற்றுக்கு அது சரி. சின்ன வயதில் அதைப் பார்த்த முதலாளி, மலை என்றாலே காற்றைக் குறைக்க வேண்டும் என்று மனசில் எழுதி வைத்துக்கொண்டார்.

“மலைக்குன்னா பதினாறு வையிலே. ரப்பர் ரோட்டைக் கவ்விப் பிடிக்கும்,” என்றார் முதல் தடவையே.

தார் ரோட்டில் அது நேர் எதிர் என்று எடுத்துச் சொன்னேன். காற்றுக் குறைந்த டயர் விலா மடங்கி மடங்கிச் சூடேறும், வளைவில் வேகமாக ஒடித்தால் ரிம்மை விட்டுக் கழலப் பார்க்கும் என்றேன். “நான் மலையேறுனப்ப நீ அரணாக்கயிறு கட்டிக்கிட்டுத் திரிஞ்ச பய. சொன்னதச் செய்யி,” என்றார். முட்டிப் பார்த்துப் பிரயோசனம் இல்லை. முன்னால் இருபத்துநாலும் பின்னால் இருபத்தாறும் வைத்துவிட்டு, “பதினாறு வச்சுட்டேன் மொதலாளி,” என்றேன். அவருக்குத் திருப்தி. வண்டி பூப்போல ஏறி இறங்கியது.

அப்படியே பதினாலு வருஷம். ஒவ்வொரு மலைப் பயணத்துக்கும் அவர் “எம்புட்டு?” என்பார். நான் “பதினாறு” என்பேன். பஜாரில் நாலு பேர் கூடினால் அவர் பேச்சு இதுதான். “பதினாறு வச்சுப் போறேன், இன்னைக்கு வரைக்கும் ஒரு பஞ்சர் உண்டா? கேட்டுப் பாருங்க வீரணன்கிட்ட.” நான் பக்கத்தில் நின்று தலையை ஆட்டுவேன். அவருடைய தப்பு அவரைக் கொல்லாமல் இருக்க நான் ஒவ்வொரு தடவையும் ஒரு பொய் சொன்னேன். எனக்கு அதில் பெருமைதான். அவருக்குத் தெரியாவிட்டால் என்ன, அவர் உயிர் என் சட்டைப்பையில் இருந்தது.

எழுபத்தொன்பதாம் வருஷம் ஆவணி மாசம் மதுரைக்குப் பொன்னுராஜுக்குப் பெண் பார்க்கப் போனோம். தம்பி அதற்குள் மதுரையில் படிப்பை முடித்துவிட்டு வந்திருந்தது. போகும்போது வீரண்ணே என்று கூப்பிட்ட பிள்ளை, வரும்போது வீரணா என்று வந்தது. சரி, முதலாளி மகன். கூப்பிடலாம்.

ஆண்டிபட்டிக் கணவாய் ஏறுகிற இடத்தில் ஆயில் விளக்கு எரிந்தது. ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். பானெட்டைத் தூக்கி அளவுக் கம்பியை உருவிப் பார்த்தால் நுனியில்கூட ஆயில் ஒட்டவில்லை. கீழே ஒரு ஜாயின்ட் விட்டு ஒழுகியிருந்தது. ஆயில் ஊற்றாமல் ஐந்து மைல் ஓட்டினால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும், உசிலம்பட்டிக்கு பஸ்ஸில் போய் வாங்கி வருகிறேன் என்றேன்.

“வண்டி ஓடிக்கிட்டுதானய்யா இருந்துச்சு? ஒரு பொட்டு வெளிச்சத்துக்குப் பயந்து நிப்பாட்டுவியா?” என்றான் பொன்னுராஜ்.

“வெளிச்சம் சும்மா எரியாது தம்பி,” என்றேன்.

ஜாயின்டை இறுக்கிவிட்டுப் போய் ஆயில் வாங்கி வர ஒன்றரை மணி நேரம் ஆனது. மதுரைக்குப் போய்ச் சேர்ந்தபோது பெண் வீட்டார் நல்ல முகம் காட்டவில்லை. சொன்ன நேரத்துக்கு வராத வீட்டில் பெண் கொடுக்க மாட்டோம் என்று பெண்ணின் தாய்மாமா எழுந்துவிட்டார். பொன்னுராஜுக்கு அந்தப் பெண்ணை முன்னமே தெரியும், பிடிக்கும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. திரும்பி வரும்போது தம்பி சாவியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டது. என்னைப் பின்னால், பழக்கூடைக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னது. அதே கணவாயில், அதே இடத்தில் நிறுத்தி, டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு அந்த ஆயில் விளக்கின் பல்பைப் பிடுங்கிப் புதருக்குள் எறிந்தது.

“இனி எங்கன எரியுதுன்னு பாப்போம்,” என்றது.

முதலாளி சிரித்தார். பதினாலு வருஷத்தில் அவர் சிரித்து எவ்வளவோ பார்த்திருக்கிறேன். அந்தச் சிரிப்பு மட்டும் எனக்கு வலித்தது. அம்மா சிரிக்கவில்லை. “பாவம், அவன் என்ன பண்ணுவான்,” என்றார். அந்தப் பாவம் என்ற சொல் அதைவிட வலித்தது. பாப்பா தூங்கி என் மடியில் சாய்ந்திருந்தாள்.

பல்பு வாங்கிப் போட எனக்கு எவ்வளவு நேரமாகும்? போடவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு ஜெபத்தின்போதும் அங்கே இரண்டில் ஒரு விளக்குத்தான் எரிந்தது. கண்ணை மூடியிருந்தவர்களுக்கு அது தெரியவா போகிறது.

கார்த்திகையில் முதலாளி கூப்பிட்டுச் சொன்னார். “தம்பி லைசென்ஸ் எடுத்துட்டான். கிறிஸ்மஸ் முடிஞ்சதும் வண்டிய அவனே பாத்துக்கிறட்டும். நீ கோடவுனுக்கு வந்துரு. மூட்டை தைக்க நம்பிக்கையான ஆள் இல்ல.” சம்பளம் குறைக்கவில்லை. கெட்டவர்கள் இல்லை என்றுதான் சொன்னேனே. நான், “சரி மொதலாளி,” என்றேன்.

என் வீட்டுக்காரி சங்கிலியம்மாள்தான் குதித்தாள். “ஆத்தைக் கடக்குற மட்டும் அண்ணன் தம்பி, கடந்துட்டா நீ யாரோ நான் யாரோன்னு இதுக்குத்தான் சொல்லி வச்சாக. ஒனக்குச் சூடு சொரணையே கெடையாதா?” என்று கேட்டாள். உப்பிட்டவர்களைப் பேசாதே என்று அதட்டினேன். எனக்குக் கோபம் இல்லை. இதை அய்யா குறித்துக்கொள்ள வேண்டும். கோபத்தில் செய்கிறவன் கை நடுங்கும். என் கை நடுங்கவில்லை. அந்த மாதம் முழுவதும் நன்றாகச் சாப்பிட்டேன், படுத்தால் தூங்கினேன். ஒரே ஓர் ஆசை இருந்தது. நான் இல்லாத வண்டி எப்படி ஓடும் என்று அவர்களுக்கு ஒரு தடவை தெரிய வேண்டும். அவ்வளவுதான். அது கோபமா?

கிறிஸ்மஸுக்கு மறுநாள் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற தோட்டத்துக்குப் போய் ஆட்களுக்கு வேட்டி சேலை கொடுப்பது அந்த வீட்டு வழக்கம். முதலாளி, அம்மா, ஓட்டப் போகிற பொன்னுராஜ், மூன்று பேர் போவதாக ஏற்பாடு. பாப்பா பஜாரில் இருக்கிற அத்தை வீட்டில் இருப்பாள் என்று முதல் நாளே அம்மா சொல்லியிருந்தார். பொன்னுராஜ் போடிமெட்டு மலையில் ஓட்டப்போவது அதுதான் முதல் தடவை. வண்டியைத் தயார் செய்து கொடுப்பது என்னுடைய கடைசி வேலை. விடிந்ததும் ஆறு மணிக்குப் போனேன். பனி இறங்கி, டயரெல்லாம் தொட்டால் ஜில்லென்று இருந்தது. காற்றுப் பார்க்க அதைவிட நல்ல நேரம் கிடையாது.

முதலாளி பல்குச்சியோடு வாசலுக்கு வந்தார்.

“ஏலே வீரணா, காத்துப் பாத்துட்டியா?”

“பாக்கப்போறேன் மொதலாளி.”

“மலைக்கு. ஞாபகம் இருக்குல்ல?”

“பதினாறு.”

“அம்புட்டுத்தான்.”

நான் முன் டயருக்குப் பக்கத்தில் குத்தவைத்து யோசித்தேன். இந்த மனுசனிடம் பதினாலு வருஷம் பொய் சொல்லியிருக்கிறேன். கடைசி நாளிலாவது உண்மையாக இருக்க வேண்டாமா? அவர் சொன்னதை அவர் சொன்னபடியே செய்து கொடுத்துவிட்டுப் போவதுதானே மரியாதை? கேஜை வைத்தேன், வால்வை அழுத்தினேன். காற்று சீறிக்கொண்டு இறங்கியது. பதினாறு. அடுத்த டயர். பதினாறு. இரண்டு தடவை வைத்துச் சரிபார்த்தேன். ரிப்போர்ட் எழுதியவரை ஒன்று கேட்கிறேன். பள்ளத்தில் கிடந்த வண்டியில் மூன்று டயர் முழுசாக இருந்தன, மூன்றிலும் அச்சாகப் பதினாறு பவுண்டு என்று அவரே எழுதியிருக்கிறார். தானாக இறங்கிய காற்று மூன்று டயரிலும் ஒரே அளவாகவா நிற்கும்? பார்க்காமல் விட்டவன் கைக்கு அப்படி வருமா? இதைக்கூட யோசிக்காமல் அஜாக்கிரதை என்று எழுத அவருக்கு எப்படி மனசு வந்தது?

இன்னொரு வேலையும் செய்தேன். மூவாயிரம் மைலுக்கு ஒரு தடவை டயர்களை இடம் மாற்றிப் போட வேண்டும். அப்போதுதான் எல்லாம் ஒரே மாதிரி தேயும். அந்தக் கணக்கு அன்றைக்கு வந்தது. ஸ்டெப்னியையும் அந்தச் சுற்றில் சேர்த்துக்கொள்கிறவன் நான். ஸ்டெப்னி பழைய டயர், விலாவில் வெட்டு விழுந்து உள்ளே பட்டை வைத்து ஒட்டியது. பஞ்சர் கடை வரை போய்ச் சேர உதவும். சுற்று முறைப்படி அது முன்பக்கம் இடது சக்கரத்துக்கு வந்தது. போடிமெட்டு இறங்கும்போது பள்ளம் இடது பக்கம்.

எட்டு மணிக்குப் பொன்னுராஜ் குளித்துப் புதுச் சட்டையில் வந்தான். சாவியைக் கொடுத்தேன். அதோடு ஒன்றும் சொன்னேன்.

“ஸ்டியரிங் இடது பக்கம் கொஞ்சம் இழுக்கும் தம்பி. பழைய வண்டி. அழுத்திப் பிடிச்சுக்கிட்டா சரியாப்போகும்.”

“எனக்குத் தெரியும்யா,” என்றான்.

அவனுக்குத் தெரியாது. அதற்கு முன் அந்த வண்டி எந்தப் பக்கமும் இழுத்ததில்லை. நூல் பிடித்த மாதிரி போகும். டயரில் காற்று இறங்கிப்போனால் டாஷ்போர்டில் விளக்கு எரியாது. ஸ்டியரிங் அந்தப் பக்கம் இழுத்துச் சொல்லும். விளக்கு இல்லாத இடத்தில் விளக்கு அதுதான். பல்பைப் பிடுங்கி எறிய வேண்டும் என்றால் டாஷ்போர்டுக்கு அடியில்தான் கையை விட வேண்டும் என்பதில்லை. ஒரு வார்த்தையிலும் பிடுங்கலாம்.

அவர்கள் போன பிறகு கோடவுனில் உட்கார்ந்து மூட்டை தைத்தேன். பத்து மணிக்கு மெட்டில் டீ குடிப்பார்கள், பதினொன்றுக்குத் தோட்டம், இரண்டரைக்குக் கிளம்புவார்கள் என்று கை தைக்க, மனசு கூடவே போனது. பதினாலு வருஷம் போன பாதை. ஏறும்போது வேகம் கிடையாது, தாங்கும். இறங்கும்போதுதான். பிரேக் சூடு ரிம்முக்கு ஏறும், ரிம் சூடு டயருக்கு. பதினேழு கொண்டை ஊசி வளைவு. எந்த வளைவில் என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு என்று நினைத்திருந்தேன். ஒன்பதில் நடந்தது.

நாலரை மணிக்கு ஜீப் டிரைவர் முத்துவீரன் ஓடிவந்தான். “வீரணா, ஒங்க வண்டி கவுந்து கெடக்கு. மொதலாளியும் தம்பியும் போயிட்டாகப்பா,” என்று தலையில் அடித்துக்கொண்டான். மேலே அவன் சொன்னதைக் கேட்காமல் அவன் ஜீப்பிலேயே ஏறிப் போனேன். பொழுது சாயாத வெளிச்சம் இருந்தது. எல்லாரும் பள்ளத்தில் ஆட்களைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். நான் முதலில் டயரைத்தான் போய்ப் பார்த்தேன். இடது முன் டயர் ரிம்மை விட்டு முழுசாகக் கழன்று, பட்டை பிய்ந்து தொங்கியது. நான் முதலாளியிடம் பதினாலு வருஷத்துக்கு முன் சொன்னது சொன்னபடியே நடந்திருந்தது.

அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் ஐந்தாவது நாள் கண் விழித்துப் பேசியபோது நான் கால்மாட்டில் நின்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீ ஓட்டியிருந்தா இது நடந்திருக்குமாப்பா? ஒன்னைய எறக்கிவிட்டோமே, அந்தப் பாவந்தான் எங்களத் தின்னுருச்சு,” என்று அழுதார்.

அய்யா, உள்ளதைச் சொல்கிறேன். எனக்கு வயிறு நிறைந்துபோனது. பதினாலு வருஷம் யாரும் சொல்லாதது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான், ஆனாலும் சொல்லிவிட்டார். அந்த ஒரு மாதம் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன். என்னைத் தவிர யார் கொடுத்தாலும் அம்மா குடிக்கவில்லை.

பிறகு ரிப்போர்ட் வந்தது. சொந்தக்காரர் யாரோ அதை அம்மாவுக்குப் படித்துச் சொல்லியிருக்கிறார். மறுநாள் நான் கஞ்சியோடு போனபோது அம்மா என்னைப் பார்த்த பார்வை வேறு. “காத்துப் பாக்காமயா வீரணா விட்ட? ஒன்னைய நம்பித்தான ஏறுனோம்,” என்று மட்டும் கேட்டார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கஞ்சி ஆறிப்போனது. எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

அதனால்தான் எழுதுகிறேன். இதில் ஒரு நகல் அம்மாவுக்குப் போக வேண்டும். அம்மா, நான் காற்றுப் பார்த்தேன். கேஜ் வைத்துப் பார்த்தேன். மூன்று டயரில் பதினாறு வைத்தேன். அது முதலாளி சொன்னது. இடது முன் டயரில் பன்னிரண்டு வைத்தேன். அது முதலாளி சொல்லாதது. ஒட்டுப்போட்ட டயரில் பன்னிரண்டு வைத்தால் வண்டி மலை ஏறிவிடும், இறங்காது என்று தெரிந்து, இரண்டு தடவை அளந்து வைத்தேன். தெரியாமல் செய்தவன் அல்ல நான். என்னைத் தூக்கில் போடட்டும். அஜாக்கிரதைக்காரன் என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது. என் வாழ்நாளில் ஓர் எச்சரிக்கையைக்கூட நான் பார்த்தும் பார்க்காமல் தாண்டிப் போனதில்லை.

இன்னும் ஒன்றே ஒன்று பாக்கி. பாப்பா எப்படி அந்த வண்டியில் வந்தாள் என்று அம்மா பலமுறை என்னிடமே கேட்டு அழுதார். அம்மாவுக்குத் தெரியாமல் இருக்காது. துக்கத்தில் மறந்திருக்கலாம். நான் சொல்கிறேன்.

மூன்று பேரும் ஏறி உட்கார்ந்து ஜெபம் ஆரம்பித்துவிட்டார்கள். நான் வெளியே இடது பக்கம் நின்றுகொண்டிருந்தேன். அத்தை வீட்டுக்குப் போக மாட்டேன் என்று பாப்பா அழுததில், கடைசியில் அம்மா சரி என்று தலையாட்டியிருந்தார் போல. செருப்பைத் தேடிப் பின்தங்கிய பாப்பா, கிறிஸ்மஸ் கவுனும் ஒரு காலில் மட்டும் செருப்புமாக வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்தாள். வந்தவள் வண்டியில் ஏறவில்லை. முன் சக்கரத்துக்கு நேரே நின்று குனிந்து பார்த்தாள். பிறகு, ஜெபம் நடக்கிறது என்பதால், என் கையைப் பிடித்து இழுத்து ரகசியமாகச் சொன்னாள்.

“டிரைவர் மாமா, இந்த டயரு மட்டும் சப்பிப் போயிருக்கு.”

நான் அவளைப் பார்த்தேன். உள்ளே முதலாளியின் குரல், போய்வரும் வழியில் காவலாக இருக்கும்படி கர்த்தரைக் கேட்டுக்கொண்டிருந்தது. எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள். நாங்கள் இரண்டு பேர்தான் கண்ணைத் திறந்திருந்தோம், எப்போதும் போல. நான் உதட்டில் விரலை வைத்தேன்.

“உஸ். ஜெபம் நடக்கையில பேசக் கூடாது பாப்பா.”

நல்ல பிள்ளை. உடனே வாயை மூடிக்கொண்டாள். ஆமென் சொன்னதும் அவளைத் தூக்கிப் பின்சீட்டில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். கதவைச் சாத்தினேன், சரியாகப் பிடிக்கவில்லை. பார்த்தால் கவுனின் ஓரம் கதவில் மாட்டியிருந்தது. மறுபடி திறந்து, துணியை உள்ளே எடுத்துவிட்டு, அழுத்திச் சாத்தி, கைப்பிடியை ஒரு தடவை இழுத்தும் பார்த்தேன். மலை ரோட்டில் கதவு சரியாகப் பிடிக்காவிட்டால் குழந்தைகளுக்கு ஆபத்து. அதையும் நான் பார்க்காமல் விட்டதாக யாரும் எழுதிவிடக் கூடாது.